சாம்பல் அணில் சண்டை போட்டு ஜெயிக்கவில்லை

லண்டனுக்குப் போன நம்மவர்கள் ஹைட் பார்க்கிலிருந்து அனுப்பும் படங்களில் ஓர் அணில் கட்டாயம் இருக்கும். பூனைக்குட்டி அளவு உடம்பு, சாம்பல் நிறம், புசுபுசுவென்று வால், கையிலிருந்தே கடலையை வாங்கித் தின்னும் துணிச்சல். அழகான பிராணிதான். ஆனால் அது அந்த ஊர் அணில் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளிலிருந்து வந்தது. பிரிட்டனின் சொந்த அணில் செம்பழுப்பு நிறம், உருவத்தில் சிறியது, குளிர்காலத்தில் காது நுனியில் குஞ்சம் வளரும். லண்டனில் மட்டுமல்ல, தெற்கு இங்கிலாந்தின் பெரும்பகுதியிலும் இன்று அதைப் பார்க்க முடியாது.

2018இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி, பிரிட்டனில் சாம்பல் அணில்கள் சுமார் 27 லட்சம். சிவப்பு அணில்கள் சுமார் 2,87,000. அந்தச் சிவப்பிலும் 2,39,000 ஸ்காட்லாந்தில். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்தால் ஐம்பதாயிரம்கூடத் தேறாது.

இதை விளக்கப் பொதுவாகச் சொல்லப்படும் கதை எளிமையானது: வெளியூர் முரடன் வந்தான், உள்ளூர் சாதுவை அடித்து விரட்டினான். பிரிட்டிஷ் பத்திரிகைகளே பல ஆண்டுகளாக இந்தக் கதையைத்தான் விற்கின்றன. அதில் ஒரே ஒரு சிக்கல்: இந்த இரண்டு அணில்களும் பெரிதாகச் சண்டையே போட்டுக்கொள்வதில்லை. காட்டில் எதிரெதிரே வந்தால் அனேகமாக அதது தன் வழியே போய்விடும். அப்படியிருந்தும் சாம்பல் வந்து சேர்ந்த காட்டில் பதினைந்து ஆண்டுகளுக்குள் சிவப்பு காணாமல் போய்விடுவது வழக்கமாக இருக்கிறது. எப்படி என்று புரிந்தால்தான், இதைத் தடுக்க எங்கே என்ன செய்யலாம், எங்கே செய்து பயனில்லை என்பதும் புரியும்.

முதலில், அது வந்த கதை. பதிவில் உள்ள முதல் விடுவிப்பு 1876. செஷயர் பகுதியில் ஹென்பரி பார்க் என்ற தன் பண்ணையில் தாமஸ் பிராக்கிள்ஹர்ஸ்ட் என்ற வங்கியாளர் சில சாம்பல் அணில்களை அவிழ்த்துவிட்டார். தோட்டத்துக்கு அழகு, அவ்வளவுதான் காரணம். வெளிநாட்டு மிருகங்களையும் பறவைகளையும் கொண்டுவந்து வளர்ப்பது விக்டோரியா காலத்துப் பணக்காரர்களுக்கு ஒரு மோகம். அடுத்து வந்தார் பெட்ஃபோர்ட் கோமகன், பதினொன்றாம் பட்டம். 1890இல் தன் ஓபர்ன் மாளிகைத் தோட்டத்தில் அமெரிக்க அணில்களை விட்டார். அவை பெருகியதும் நண்பர்களுக்கும் மற்ற ஜமீன்களுக்கும் பரிசாக அனுப்பத் தொடங்கினார். லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் வரை அவருடைய அணில்கள் போயின. 1911இல் அயர்லாந்தின் லாங்ஃபோர்டில், காசில் ஃபோர்ப்ஸ் மாளிகையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குக் கூடையில் வந்த பரிசு இதே அணில்தான். கூடை திறந்தது, அணில்கள் மரமேறின. அயர்லாந்தின் சாம்பல் அணில் வரலாறு அந்தக் கூடையில் தொடங்குகிறது.

ஆக, 'படையெடுப்பு' என்ற சொல்லில் கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது. இது தானாகக் கடல் தாண்டவில்லை. நாட்டுக்குள்ளும் தானாகப் பரவியது பாதிதான். மீதிப் பாதிக்கு மனிதர்களே பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மரபணு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம் என்று அரசு அறிவித்தது 1937இல். அதற்குள் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

சரி, சண்டை இல்லை என்றால் சிவப்பு எதனால் தோற்கிறது? முதல் பதில், ஓக் கொட்டை.

ஓக் கொட்டையில் டானின் அதிகம். வாழைக்காய்ப் பிஞ்சைக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்புச் சத்து. சாம்பல் அணில் பல்லாயிரம் ஆண்டுகளாக அமெரிக்க ஓக் காடுகளில் வாழ்ந்து வந்தது. அதன் வயிறு இந்த டானினைச் சமாளித்துவிடும். பச்சைக் கொட்டையைக்கூடத் தின்னும். சிவப்பு அணிலுக்கு அது சரியாகச் செரிப்பதில்லை. அதற்கு ஹேசல் கொட்டை, பைன் கூம்பின் விதை, இப்படிப்பட்டவைதான் ஒத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் இலையுதிர் காடுகளில் ஓக்தான் ராஜா. இலையுதிர் காலத்தில் சாம்பல் அணிலுக்குக் காடு முழுக்கச் சாப்பாடு. சிவப்புக்கு அதே காட்டில் சில ஹேசல் புதர்கள் மட்டும். அந்த ஹேசலையும் சாம்பல் விட்டுவைப்பதில்லை. ஹேசலைக் காலிசெய்துவிட்டு ஓக்குக்குப் போக அதனால் முடியும். சிவப்புக்குப் போக வேறு இடம் இல்லை.

அப்புறம் எடை. வளர்ந்த சிவப்பு அணில் 300 கிராம் அளவில் இருக்கும். சாம்பல் 500, சமயத்தில் 600 கிராம். பனிக்காலத்துக்கு முன் சாம்பல் தன் உடம்பிலேயே கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். சிவப்பால் அந்த அளவுக்கு முடியாது. அது மண்ணில் புதைத்து வைத்த கொட்டைகளை நம்பித்தான் வசந்தம் வரை ஓட்டுகிறது. அந்தச் சேமிப்பைச் சாம்பல் மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடுகிறது. பெண் அணில் மெலிந்து வசந்தத்துக்கு வரும், எடை குறைந்த தாய் குட்டி போடாது, போட்டாலும் குறைவு, அந்தக் குட்டிகளிலும் தங்குவது கொஞ்சம். பெரியவை யாரும் அடிபட்டுச் சாகவில்லை. வயதாகி ஒவ்வொன்றாகப் போகின்றன. அந்த இடத்தை நிரப்ப இளசுகள் இல்லை. ஒரு ஹெக்டேர் இலையுதிர் காட்டில் சிவப்பு ஒன்று இருந்தால் நல்ல எண்ணிக்கை. அதே ஒரு ஹெக்டேரில் சாம்பல் எட்டு வரை வாழும்.

இதுமட்டும் நடந்தால் மாற்றம் மெதுவாகத்தான் வரும். அதை வேகமாக்கியது ஒரு வைரஸ்.

அணில் அம்மை என்று சொல்லலாம். சாம்பல் அணில்களின் இரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப் பொருள் பரவலாகக் கிடைக்கிறது. அவை நோயுற்றுக் கிடப்பதைப் பார்ப்பது மிக அரிது. சிவப்புக்கு வந்தால் கதை வேறு. கண்ணிமை, மூக்கு, உதடு, கால் விரல் எல்லாம் புண்ணாகி, பொருக்குத் தட்டி, நீர் வடியும். கண் மூடிக்கொள்ளும், கொட்டையைப் பிடிக்கக் கை வராது. மரத்தடியில் பகலிலேயே சோர்ந்து உட்கார்ந்திருக்கும், ஆள் கிட்டே போனாலும் ஓடாது. ஒன்றிரண்டு வாரத்தில் சாவு. தடுப்பூசி இல்லை. இந்த வைரஸ் உள்ள இடங்களில் சிவப்பு மறையும் வேகம், வைரஸ் இல்லாத இடங்களைவிட 17 முதல் 25 மடங்கு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

லிவர்பூலுக்கு வடக்கே கடலோரத்தில் ஃபார்ம்பி என்ற ஊர். அங்கே உள்ள பைன் தோப்புகளில் சிவப்பு அணில்கள் ஏராளம். குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 2008இல் அம்மை புகுந்தது. அந்தக் கடற்கரையின் சிவப்பு அணில்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. மிச்சமிருந்தவை மெல்ல மெல்லப் பெருகின. அவற்றில் சிலவற்றின் உடம்பில் எதிர்ப்புப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது சில அணில்கள் நோய் வந்தும் பிழைத்திருக்கின்றன. ஆறுதலான செய்திதான், ஆனால் அதை வைத்துப் பெரிதாகக் கனவு காணும் நிலைமை இன்னும் வரவில்லை. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தன்னார்வலர்கள் தீனிப் பெட்டிகளைக் கிருமிநாசினி போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பது இந்த நோய்க்குப் பயந்துதான். பெட்டியின் மூடியில் ஒட்டும் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அணில் தலையை விட்டு எடுக்கும்போது அதில் சில முடிகள் ஒட்டிக்கொள்ளும். அந்த முடியைப் பார்த்து வந்து போனது சிவப்பா சாம்பலா என்று சொல்லிவிடலாம். சாம்பல் முடி ஒட்டியிருந்தால் அடுத்த வாரம் அங்கே பொறி வரும்.

வைரஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. இத்தாலியில் சாம்பல் அணில்கள் இருக்கின்றன, இந்த வைரஸ் அங்கே காணப்படவில்லை. அங்கேயும் சிவப்பு மறைகிறது. மெதுவாக, ஆனால் மறைகிறது. பட்டினியே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

அப்படியானால் சிவப்பு எங்கே தப்பிக்கிறது? ஓக் இல்லாத இடத்தில். நார்தம்பர்லாண்டின் கீல்டர் காட்டில் இங்கிலாந்தின் சிவப்பு அணில்களில் சுமார் பாதி வாழ்கின்றன. அது இயற்கையான காடே அல்ல. முதல் உலகப் போருக்குப் பின் மரத்தட்டுப்பாட்டுக்காக நட்ட தோட்டக்காடு. பெரும்பாலும் சிட்கா ஸ்ப்ரூஸ். அந்த மரம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. அமெரிக்க அணிலிடமிருந்து பிரிட்டிஷ் அணிலைக் காப்பாற்றுவது ஓர் அமெரிக்க மரம்! சிட்காவின் விதை பொடிசு. சிவப்புக்கே அது விருந்து அல்ல, ஆனால் சிறிய உடம்பு அதில் பிழைத்துக்கொள்ளும். பெரிய உடம்புள்ள சாம்பலுக்கு அது கட்டுபடியாகாது.

சொந்த அணில், வந்தேறி அணில் என்ற பேச்சில் இன்னொரு முடிச்சும் உண்டு. இன்று கண்ணீர் வடிக்கும் அதே நாடு, நூறு ஆண்டுகளுக்கு முன் சிவப்பு அணிலைக் காசு கொடுத்துக் கொன்றது. ஸ்காட்லாந்தில் 1903இல் ஹைலாண்ட் அணில் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சிவப்பு அணில் பைன் மரப் பட்டையை உரித்து நாசம் செய்கிறது என்பது நிலக்காரர்களின் புகார். வாலுக்குக் காசு. அடுத்த முப்பது ஆண்டுகளில் எண்பதாயிரத்துக்கு மேல் கொன்றார்கள். அதற்கும் முன்னால், காடுகள் அழிந்து ஸ்காட்லாந்தில் சிவப்பு அணில் ஏறக்குறைய இல்லாமலே போய், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அயர்லாந்திலும் அப்படியே. பிரிட்டனின் பல சிவப்பு அணில் கூட்டங்களில் ஐரோப்பியக் கண்டத்து இரத்தம் கலந்திருக்கிறது. இதனால் சிவப்பைக் காப்பாற்றத் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரந்து வாழும் இனம் அது. பிரிட்டனில் பனியுகம் முடிந்த காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் 'தூய மண்ணின் மைந்தன்' என்று பேசுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சாம்பல் அணிலுக்கு எதிராக இன்று பணம் செலவழிப்பவர்களில் பலருக்குச் சிவப்பைப் பற்றி அவ்வளவு கவலை கிடையாது. அவர்கள் மரம் வளர்ப்பவர்கள். மே முதல் ஜூலை வரை சாம்பல் அணில் இளம் ஓக், பீச், சிக்கமோர் மரங்களின் பட்டையை உரித்து உள்ளே இருக்கும் சாறுள்ள பகுதியைச் சுரண்டித் தின்னும். பத்து முதல் நாற்பது வயது வரையான மரங்கள்தான் இலக்கு; கெட்டியான பட்டை வருவதற்கு முந்தைய பருவம். தண்டைச் சுற்றி முழு வளையமாக உரித்துவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி செத்துவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் இந்தச் சேதம் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்டு என்று வனத்துறைச் சங்கம் ஒன்று 2021இல் மதிப்பிட்டது. இருபது ஆண்டு வளர்த்த ஓக் ஒரே கோடையில் போகுமென்றால், அடுத்த முறை ஓக் நடுவதற்கு யாருக்கு மனசு வரும்?

இனி, கொல்வது. 1950களில் அரசு சாம்பல் அணில் வாலுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தது, பிறகு இரண்டு ஷில்லிங். பத்து லட்சத்துக்கு மேல் வால்கள் வந்தன. 1958இல் திட்டத்தை மூடிவிட்டார்கள், ஏனென்றால் அணில் குறைந்தபாடில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வாலுக்குக் காசு என்றால் துப்பாக்கிக்காரர் அணில் நிறைந்த இடத்துக்குத்தான் போவார். கடைசிப் பத்து அணிலைத் தேடி மூன்று வாரம் அலைந்தால் பத்து ஷில்லிங்தான் கிடைக்கும், அதை யார் செய்வார்? ஆனால் அந்தக் கடைசிப் பத்துதான் முக்கியம். பெண் அணில் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடும். சுற்றுவட்டாரத்திலிருந்து புதியவை வந்து காலி இடத்தை நிரப்பிவிடும். பாதி கொல்வது என்றால் அடுத்த ஆண்டும் பாதி கொல்ல வேண்டும், அதற்கடுத்த ஆண்டும். என் கணிப்பில் இந்த விவகாரத்தின் மையமே இதுதான்: கொல்லலாமா கூடாதா என்பதைவிட, தொடங்கினால் முடிக்க முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

முடித்துக் காட்டிய இடம் ஆங்கிள்சி. வேல்ஸின் வடமேற்கில், மெனாய் நீரிணைக்கு அப்பால் உள்ள தீவு. 1998இல் அங்கே சிவப்பு அணில்கள் நாற்பதுதான் மிச்சம். பொறி வைக்கத் தொடங்கினார்கள். ஒரு காடு முடிந்ததும் அடுத்த காடு, விட்ட இடத்துக்கு மறுபடி ஒரு சுற்று. காலியான காடுகளில் சிவப்பை மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். 2015இல் தீவில் சாம்பல் அணிலே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. இன்று சிவப்பு எழுநூறு, எண்ணூறு அளவில் இருக்கிறது. பதினேழு ஆண்டு வேலை. அதுவும் சுற்றிலும் கடல் இருந்ததால்தான். அப்படியும் தீவை நிலத்தோடு இணைக்கும் இரண்டு பாலங்கள் உண்டு, நீரிணையும் குறுகல், அணில் நீந்தவும் செய்யும். ஆகவே அக்கரையிலும் பொறி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தெற்கே வைட் தீவிலும் பூல் துறைமுகத்து பிரவுன்சி தீவிலும் சிவப்பு வாழ்வதற்கும் கடல்தான் காரணம்.

முடித்திருக்கக்கூடிய இடத்தில் நிறுத்திய கதை இத்தாலியுடையது. 1948இல் தூரின் அருகே ஸ்டுபினீஜியில் இரண்டு ஜோடிச் சாம்பல் அணில்களை விட்டார்கள். பல பத்தாண்டுகள் அவை ஒரு சின்ன வட்டாரத்துக்குள்ளேயே இருந்தன. 1997இல் தேசிய வனவிலங்கு நிறுவனம் ராக்கோனீஜி பூங்காவில் சோதனையாக ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. பொறியில் பிடித்து மயக்க மருந்து கொடுத்துக் கொல்வதுதான் முறை. விலங்குரிமை அமைப்புகள் நீதிமன்றம் போயின. வேலை நின்றது. அதிகாரிகள் மேல் வழக்கு நடந்து, மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையாகும்போது 2000 ஆகிவிட்டது. அதற்குள் அணில்கள் பூங்காவைத் தாண்டி, போ நதிச் சமவெளியின் தோப்புகள் வழியாகப் பரவிவிட்டன. முழு ஒழிப்பு இனி சாத்தியமில்லை என்று அதே நிபுணர்கள் எழுதினார்கள். அன்று சில ஆயிரம் அணில்களுக்காகப் பேசியவர்களின் இரக்கம் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இரக்கத்தின் விலையை ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சிவப்பு அணில்களும், அதற்குப் பிறகு பிறந்து பொறியில் மாட்டிய பல மடங்கு சாம்பல் அணில்களும் சேர்ந்து கொடுக்கின்றன.

கடலும் இல்லை, கொல்ல ஆளும் இல்லை என்றால்? இந்தக் கேள்விக்கு எதிர்பாராத பதில் அயர்லாந்திலிருந்து வந்தது. பைன் மார்ட்டன் என்று ஒரு வேட்டை விலங்கு. கீரிக்கும் பூனைக்கும் நடுவில் ஓர் உருவம், மரமேறுவதில் கெட்டி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள நீலகிரி மார்ட்டன் இதன் நெருங்கிய உறவு. கோழி, வேட்டைப்பறவை திருடுகிறது என்று அதையும் ஏறக்குறைய ஒழித்துவிட்டிருந்தார்கள். 1976இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததும் மெல்லத் திரும்பியது. அது திரும்பிய லீஷ், ஆஃபலி மாவட்டங்களில் சாம்பல் அணில் சரிந்து, சிவப்பு மீண்டு வந்திருப்பதாக எம்மா ஷீஹி, காலின் லாட்டன் என்ற ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். பிறகு ஸ்காட்லாந்திலும் அதே போக்கு தெரிந்தது.

மார்ட்டன் இரண்டையும்தான் தின்னும். அப்புறம் எப்படிச் சாம்பல் மட்டும் சரிகிறது? தீனிப் பெட்டிகளில் மார்ட்டன் வாசனையைத் தடவி வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு அணில் வருவதைக் குறைத்துக்கொண்டது, வந்தாலும் தின்பதை நிறுத்தி நிறுத்திச் சுற்றுமுற்றும் பார்த்தது. சாம்பல் கண்டுகொள்ளவே இல்லை. மார்ட்டனோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த இனத்துக்கு அந்த வாசனை என்றால் என்ன என்று தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்ததற்கு அது வெறும் வாசனை. போதாததற்குச் சாம்பல் கனமானது, தரையில் அதிக நேரம் இருக்கும், எளிதில் மாட்டும்.

உடனே எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. 2015 முதல் 2017 வரை ஸ்காட்லாந்திலிருந்து 51 மார்ட்டன்களை வேல்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு இங்கிலாந்தின் டீன் காட்டுக்கு, 2024இல் டார்ட்மூருக்கு. இயற்கையே தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று தலைப்புகள் வந்தன. அவ்வளவு சுலபம் இல்லை. மார்ட்டனுக்கு ஊரும் வெளிச்சமும் பிடிக்காது. பெல்ஃபாஸ்ட் போன்ற நகரங்களின் பூங்காக்களும் கொல்லைகளும் சாம்பல் அணிலுக்கு அடைக்கலமாகவே இருக்கும். அங்கிருந்து மறுபடி வெளியே வரும். வட அயர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைச் சொன்னது: ஸ்ப்ரூஸ் தோட்டக்காடுகளில் மார்ட்டனுக்கு வேறு இரை குறைவு, ஒளிந்துகொள்ள இடமும் குறைவு, அதனால் அங்கே அது சிவப்பையே அதிகம் பிடிக்கிறது. சாம்பலிடமிருந்து காப்பாற்றிய அதே ஸ்ப்ரூஸ் காடு மார்ட்டன் வந்த பிறகு பொறியாக மாறலாம். பல வகை மரங்கள் உள்ள கலப்புக் காடு, அதில் மார்ட்டன் என்பதுதான் சிவப்புக்கு நல்ல சேர்க்கை. அப்படிப்பட்ட காடு வளர ஐம்பது ஆண்டு ஆகும். இளம் ஓக்கைச் சாம்பல் உரித்துக்கொண்டே இருந்தால் அதுவும் நடக்காது.

நகரங்களுக்கு என்று பேசப்படுவது கருத்தடை. அரசு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இதில் வேலை செய்கிறார்கள். ஹேசல் கொட்டை விழுதில் மருந்தைக் கலந்து ஒரு பெட்டியில் வைப்பது திட்டம். பெட்டியின் கதவில் ஓர் எடை இருக்கும். 500 கிராம் சாம்பல் தள்ளினால் திறக்கும், 300 கிராம் சிவப்பு தள்ளினால் திறக்காது. எளிய யோசனைதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் மருந்துக்கு அனுமதி வாங்க வேண்டும், மற்ற பிராணிகள் தின்னாமல் பார்க்க வேண்டும், ஒரு காட்டில் பெரும்பாலான அணில்கள் தின்றால்தான் பலன். எண்ணிக்கை குறையவும் சில ஆண்டுகள் எடுக்கும், ஏனென்றால் கருத்தடை செய்த அணில் உயிரோடுதான் இருக்கும், ஓக் பட்டையை உரித்துக்கொண்டுதான் இருக்கும்.

அதுவரை கும்ப்ரியா, நார்தம்பர்லாண்ட், தெற்கு ஸ்காட்லாந்து எல்லையில் பொறி வைப்பவர்கள் வாரா வாரம் போய்த்தான் ஆக வேண்டும். அவர்களில் பாதிப் பேர் சம்பளமில்லாத உள்ளூர்க்காரர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேருக்கான சம்பளம் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு மானியங்களில் வருகிறது. மானியம் முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு குட்டிப் பருவம் தவறினால், அந்தக் காட்டில் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.